அமுக்கரா: தூக்க மருந்தாக அதன் வரலாறு

அமுக்கரா கத்தரிக் குடும்பத்துக் குறுஞ்செடி; தமிழகத்தின் வறண்ட நிலங்களில் தானாகவே வளர்வது. நாட்டு மருந்துக் கடைகளில் அமுக்கிராங்கிழங்கு என்று கிடைப்பது இதன் காய்ந்த வேர். மத்தியப் பிரதேசத்தின் மந்த்சௌர், நீமச் மாவட்டங்களில் இது பெருமளவில் பயிராகிறது.

சித்த மருத்துவம் இதைத் தூக்கத்துக்கு மட்டும் உரியதாக ஒதுக்கவில்லை. உடல் இளைத்தவருக்கும் நோயில் கிடந்து எழுந்தவருக்கும் உடல்தேற்றியாகத்தான் முதலில் கொடுத்தார்கள். உடல் தேறத் தேற உறக்கமும் கூடும் என்பது வைத்தியர்களின் கணிப்பு. வேரைப் பிட்டவியலாக, அதாவது பாலின் ஆவியில் பிட்டுப்போல அவித்துச் சுத்தி செய்து, காயவைத்து இடிப்பார்கள். அமுக்கராச் சூரணத்தின் அளவுமுறை அழகானது: கிராம்பு ஒரு பங்கு என்றால் சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64, சர்க்கரை 128. ஒவ்வொன்றும் முந்தையதற்கு இரட்டிப்பு. பாதிக்கு மேல் சர்க்கரை என்பதை நீரிழிவுக்காரர்கள் கவனிக்க வேண்டும். இரவில் வெதுவெதுப்பான பாலில் கலந்து குடிப்பது வழக்கம்.

ஐரோப்பியரும் இச்செடியை உறக்கத்தோடு சேர்த்தே அறிந்திருந்தனர். தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் இட்ட ‘சோம்னிஃபெரா’ (லத்தீனில் ‘உறக்கம் தருவது’) என்னும் சிற்றினப் பெயர் அதற்குச் சான்று. 1852இல் தாவரவியலாளர் டூனால் இதை விதானியா பேரினத்துக்கு மாற்றியபோதும் அந்தப் பெயர் நிலைத்தது.

2017இல் ஜப்பானின் சுகுபா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இலையிலுள்ள டிரைஎத்திலீன் கிளைக்கால் எலிகளைத் தூங்கவைப்பதாகக் கண்டனர். இந்த ஆய்வைக் காட்டி வேர்ச் சூரணத்தை விற்பது சரியல்ல; நம் மரபில் உள்ளுக்குக் கொடுப்பது வேர், இலையை வதக்கி வீக்கத்துக்குக் கட்டுவார்கள். இலையைத் தவிர்த்து வேரையே பயன்படுத்தும்படி ஆயுஷ் அமைச்சகம் 2021இல் தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியது. அதே ஆண்டு வெளிவந்த, 5 சோதனைகளில் 400 பேரைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு, அமுக்கராவால் தூக்கத்தில் சிறிய, ஆனால் உண்மையான முன்னேற்றம் உண்டு என்றது. நாளுக்கு 600 மில்லிகிராமும் அதற்கு மேலும், 8 வாரத்துக்குக் குறையாமல் எடுத்தவர்களிடம் பலன் கூடுதலாகத் தெரிந்தது. ஓரிரவில் தூங்கவைக்கும் மருந்தல்ல இது. மண்டலக் கணக்கில் மருந்து கொடுத்த பழைய வைத்தியர்களுக்கு அந்த நிதானம் தெரிந்திருந்தது.

அமுக்கரா கேப்சூல் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதும் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளது. கர்ப்பிணிகள் இதைத் தவிர்க்க வேண்டும். தைராய்டு மாத்திரையோ தூக்க மாத்திரையோ எடுப்பவர்கள் விளம்பரத்தை நம்பி வாங்காமல், அரசு மருத்துவமனையின் சித்தா பிரிவிலோ தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்திலோ கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.