எம்டன்: ஒரு சொல்லும் ஓர் இரவும்

மக்கள் நாவில் தங்கிவிட்ட சில சொற்களுக்குள் ஒரு காலத்தின் வரலாறே ஒடுங்கிக் கிடப்பதுண்டு. 'அவன் சரியான எம்டன்' என்று நம் இல்லங்களில் முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். எவர் கைக்கும் எளிதில் அகப்படாதவன், எண்ணியதை முடித்துவிட்டு நழுவிவிடுபவன் என்பது அதன் பொருள். அச்சொல் தமிழுக்கு வந்த வழி கடல்வழி. ஜெர்மனியின் வடமேற்கில் உள்ள ஒரு துறைமுக ஊரின் பெயர் எம்டன். அவ்வூரின் பெயரைத் தாங்கிய போர்க்கப்பல் ஒன்று, 1914ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 22ஆம் நாள், செவ்வாய்க்கிழமை இரவு, சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டு பொழிந்தது. அந்த இரவில் நிகழ்ந்தது யாது, அதன்பின் அக்கப்பலின் கதி என்னவாயிற்று, அதில் நாம் நினைவில் கொண்டது எது, மறந்தது எது என்பதை ஈண்டுச் சற்று நோக்குவோம்.

படையிலிருந்து பிரிந்த கப்பல்

எம்டன் 1908இல் டான்சிக் நகரின் அரசுக் கப்பல் தளத்தில் நீரில் இறக்கப்பட்டது. அது பெருங்கப்பல் அன்று. பத்தரை சென்டிமீட்டர் வாயுடைய பத்துப் பீரங்கிகள் கொண்ட இலகுரகப் போர்க்கப்பலே. சீனக் கரையில் ஜெர்மானியர் வசமிருந்த சிங்டாவ் துறைமுகமே அதன் தங்குமிடம். அங்கு நின்ற கிழக்காசியக் கப்பற்படைக்குத் தலைவர் கடற்படைத் தளபதி வான் ஸ்பே.

முதல் உலகப்போர் மூண்டதும் வான் ஸ்பே தம் கப்பல்களைப் பசிபிக் கடலிலுள்ள பாகன் தீவில் ஒன்றுகூட்டினார். படை முழுவதும் தென்னமெரிக்கக் கரை நோக்கிச் செல்வதென முடிவாயிற்று. அப்போது எம்டனின் தலைவர் கார்ல் வான் முல்லர், தம் கப்பல் மட்டும் தனித்துப் பிரிந்து இந்துமாக்கடலில் எதிரியின் வாணிகத்தைத் தாக்க இசைவு வேண்டினார், இசைவும் கிடைத்தது. மூன்று புகைபோக்கிகள் உடைய எம்டனுக்கு நான்காவதாக ஒரு பொய்ப் புகைபோக்கி பொருத்தப்பட்டது. தொலைவிலிருந்து காண்போர் அதை ஆங்கிலேயக் கப்பல் என்றே கருதினர்.

செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் எம்டன் வங்கக் கடலில் வேட்டையைத் தொடங்கியது. வணிகக் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக அதன் கையில் சிக்கின. பிடிபட்ட கப்பலின் மாலுமிகளைப் பத்திரமாக இறக்கிய பின்னரே அதை மூழ்கடிப்பது வான் முல்லரின் வழக்கம். மனிதத் தன்மையோடு நடந்துகொண்டமைக்காக எதிரி நாட்டுச் செய்தித்தாள்களே அவரைப் பாராட்டின. எனினும் வங்கக் கடல் வாணிகம் நடுங்கிப்போயிற்று. கப்பல்கள் துறைமுகங்களில் முடங்கின. காப்பீட்டுக் கட்டணம் ஏறியது. ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கடல்கடந்து சென்று பொருளீட்டிய நம் கரையோர மக்களுக்கு அந்நாள்கள் எத்துணைக் கலக்கம் தந்திருக்கும் என்பதை நாம் எளிதில் உணரலாம்.

செப்டம்பர் 22

அன்றைய சென்னைத் துறைமுகம் இன்றைய அளவில் பெரிதன்று. 1881ஆம் ஆண்டுப் புயலில் சிதைந்து, மீண்டும் கட்டப்பெற்று, பிரான்சிஸ் ஸ்பிரிங் என்னும் பொறியாளரின் முயற்சியால் புது வாயில் கண்டு நிமிர்ந்து நின்ற காலம் அது. துறைமுகத்தை ஒட்டிப் பர்மா எண்ணெய்க் கம்பெனியின் மண்ணெண்ணெய்த் தொட்டிகள் வெள்ளைச் சாயம் பூசப்பெற்று நின்றன. போர் தொடங்கி ஏழு வாரங்கள் ஆகியும் நகரின் விளக்குகள் அணைக்கப்படவில்லை. உயர்நீதிமன்றக் கட்டடத்தின் உச்சியில் அந்நாளில் இருந்த கலங்கரை விளக்கம் வழக்கம்போல் ஒளி வீசியது. நண்பனுக்கு வழிகாட்ட வைத்த விளக்கு பகைவனுக்கும் வழிகாட்டிற்று.

இரவு ஒன்பதரை மணி அளவில் கரைக்கு ஏறத்தாழ மூவாயிரம் கெஜத் தொலைவில் எம்டன் வந்து நின்றது. தேடொளி விளக்கைத் தொட்டிகளின்மீது பாய்ச்சியது, பீரங்கிகள் முழங்கின. சிறிது நேரத்தில் தொட்டிகள் தீப்பற்றின. மூன்றரை இலட்சம் காலன் அளவிலான எண்ணெய் எரிந்தது எனக் கணக்கிடுவர். துறைமுகத்தில் நின்ற சுப்ரா என்னும் வணிகக் கப்பலும் அடிபட்டது. கரையிலிருந்த பீரங்கிகள் ஒன்பது முறை மறுமொழி கூறின. ஒன்றேனும் எம்டனைத் தொடவில்லை. ஏறத்தாழ 125 குண்டுகளை வீசிவிட்டு, அரை மணி நேரத்துக்குள் விளக்குகளை அணைத்து அக்கப்பல் இருளில் மறைந்தது. உயர்நீதிமன்ற வளாகத்திலும் குண்டு விழுந்தது. அதைக் குறிக்கும் கல்லை அதன் மதிலில் காணலாம். குண்டின் சிதறல் ஒன்று புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளது.

எண்ணெயைவிட வேகமாகப் பரவியது அச்சம். மறுநாள் முதல் ஆயிரக்கணக்கான மக்கள் மூட்டை முடிச்சுகளோடு நகரைவிட்டு வெளியேறினர். எம்டன் மீண்டும் வரவில்லை. ஆனால் வரும் என்ற எண்ணமே ஊரைக் காலிசெய்யப் போதுமானதாயிற்று. ஆங்கிலேயரின் கடலாட்சி அசைக்க முடியாதது என்று நம்பியிருந்த மக்களின் மனத்தில் அன்று விழுந்த விரிசல், எரிந்த எண்ணெயினும் பெரிய இழப்பு ஆட்சியாளருக்கு.

ஆயிஷா என்னும் மரக்கலம்

எம்டனின் வேட்டை நெடுநாள் நீடிக்கவில்லை. அக்டோபர் 28இல் அது பினாங்குத் துறைமுகத்துள் புகுந்து, செம்சுக் என்னும் ருஷ்யப் போர்க்கப்பலை மூழ்கடித்தது. நவம்பர் 9ஆம் நாள் கொக்கோஸ் தீவுகளில் இருந்த தந்தி நிலையத்தை அழிக்க ஒரு குழுவினரைக் கரையில் இறக்கியது. அவ்வேளையில் ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி வந்து தாக்க, எம்டன் சிதைந்து பவளப் பாறையில் ஏறி நின்றது. அதன் மாலுமிகளில் நூற்று முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். வான் முல்லர் சிறைப்பட்டார்.

கரையில் இறங்கியிருந்த ஐம்பதின்மரின் கதை வேறு. அவர்களின் தலைவர் ஹெல்முத் வான் மூக்கே, தீவில் நின்ற பழைய பாய்மரக் கப்பல் ஒன்றைக் கைப்பற்றினார். அதன் பெயர் ஆயிஷா! நம் வீடுகளில் பெண்மக்களுக்கு அன்போடு இடப்படும் அப்பெயர் தாங்கிய மரக்கலம் அவர்களைச் சுமத்திராவின் பாடாங் துறைக்குச் சேர்த்தது. பின்னர் வேறொரு கப்பலில் ஏறி, 1915 ஜனவரியில் எமன் நாட்டு ஹுதைதாத் துறையில் இறங்கினர். உதுமானியப் பேரரசு அதற்குள் ஜெர்மனியின் பக்கம் போரில் இறங்கியிருந்தது. சம்பூக் எனப்படும் படகுகளில் செங்கடல் வழியே வடக்கு நோக்கிச் சென்றனர். பாலைநிலத்தில் நாடோடி அரபியரின் தாக்குதலுக்கு ஆளாகிச் சிலரை இழந்து ஜித்தாவை அடைந்தனர். நம் ஹாஜிகள் கால்வைத்த அதே ஜித்தாதான். அங்கிருந்து மேலும் வடக்கே சென்று அல்-உலா என்னும் இடத்தில் ஹிஜாஸ் இரயிலில் ஏறினர். அவ்விருப்புப்பாதைக்கு இந்திய முஸ்லிம்களும் நன்கொடை அளித்திருந்தனர் என்பது நினைவுகொள்ளத் தக்கது. 1915 மே மாதம் அவர்கள் இஸ்தான்புல் சேர்ந்தனர்.

கதையும் மெய்யும்

புகழ்பெற்ற கப்பலைச் சுற்றிக் கதைகள் வளர்வது இயல்பு. விடுதலை வீரர் செண்பகராமன் பிள்ளை எம்டனில் இருந்து சென்னைத் தாக்குதலை நடத்தினார் என்று பலரும் எழுதியுள்ளனர். அந்நாள்களில் அவர் ஐரோப்பாவில் இருந்து இந்திய விடுதலைக்காக உழைத்து வந்தார். அவருடைய தொண்டு பெரிது; அதற்கு இக்கதையின் துணை வேண்டியதில்லை.

மற்றொன்றையும் நாம் எண்ண வேண்டும். பண்பாளர் எனப் போற்றப்பட்ட தலைவர் குறிவைத்தது எண்ணெயைத்தான். ஆயினும் அன்றிரவு குறைந்தது ஐவர் உயிரிழந்தனர். எம்டனின் பெயர் மொழியில் நிலைத்தது. வான் முல்லரின் பெயர் நூல்களில் நிலைத்தது. மாண்டவர்களின் பெயரை நம்மில் எவரும் சொல்வதில்லை. போர்க்கப்பல்களின் வரலாறு பெரும்பாலும் மேல்தளத்தில் நின்றவர்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. கரையில் நின்றவர்களுக்கு அதில் இடம் குறைவு.

எண்ணெய் எங்கே குவிகிறதோ அங்கே இடரும் குவிகிறது என்பது அவ்விரவு கற்பித்த பாடம். அதன்பின் வடசென்னையில் எண்ணெய் பன்மடங்காகப் பெருகியது. 1969இல் மணலியில் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது. 2001இல் எண்ணூர்த் துறைமுகம் திறக்கப்பட்டது. இராயபுரம் முதல் திருவொற்றியூர் கடந்து எண்ணூர் வரை மீனவரும் கூலித் தொழிலாளரும் அவற்றின் நிழலிலேயே வாழ்கின்றனர். 2017 ஜனவரி 28இல் எண்ணூருக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தபோது, கரைக்கு வந்த கரும்படலத்தை வாளிகொண்டு மொண்டு எடுத்தனர். 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவி, வலைகளையும் படகுகளையும் பாழாக்கியது. இவ்விரு முறையும் பகைவர் கப்பல் எதுவும் வரவில்லை, குண்டும் விழவில்லை.

1914இல் அணைக்கப்படாத விளக்குகளைப்பற்றி இன்றும் வியந்து பேசுகிறோம். ஏழு வார கால அவகாசம் இருந்தும் காவலர் கண்ணயர்ந்தனர் என்று குறைகூறுகிறோம். இக்கரையில் அடுக்கப்பட்டுள்ள எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் அருகே உறங்கும் குடும்பங்களின் பாதுகாப்பில் நாம் கண்ணயராதிருக்கின்றோமா? எம்டன் என்னும் சொல்லை இனி நம் பிள்ளைகள் கேட்டால், கப்பலின் சாகசத்தைச் சொல்வோம். ஆயிஷாவின் பயணத்தையும் சொல்வோம். அவற்றோடு, அன்றிரவு துறைமுகத்தில் பெயரின்றி மாண்டவர்களையும் மறவாது சொல்வோம்.