கோலிகாரியும் முர்காயும்

'போட்டி நிறுவனத்தில் வேலை பார்க்க மாட்டேன்.' நியமனக் கடிதத்தில் நாம் படிக்காமல் கையெழுத்திடும் ஷரத்து இது. செல்லுமா என்று கேட்டால், வக்கீல்கள் இரண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை எடுத்து வைப்பார்கள்.

முதலாவது 1967-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. கல்யாணில் செஞ்சுரி நிறுவனத்தின் டயர் நூல் ஆலை, ஹாலந்துக் கம்பெனி ஒன்றிடம் தொழில்நுட்பம் வாங்கியிருந்தது. ரகசியம் காப்பதாக வாக்கும் கொடுத்திருந்தது. அங்கே ஷிப்ட் சூப்பர்வைசராகச் சேர்ந்த கோலிகாரி, ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார், பயிற்சி பெற்றார், 1964-இல் கூடுதல் சம்பளத்துக்கு ராஜஸ்தானில் ஒரு ரேயான் ஆலைக்குப் போய்விட்டார். ஐந்தாண்டு முடியும்வரை அவர் அங்கே வேலை பார்க்கக் கூடாது என்ற தடையாணையை நீதிமன்றம் உறுதி செய்தது. தொழில் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு. ஆனால் ஒப்பந்த காலத்துக்குள் ஒரே முதலாளிக்கு உழைப்பேன் என்பது அந்தத் தடையில் சேராது. ஷரத்து ஒருதலைப்பட்சமாகவோ மிகக் கொடியதாகவோ இருந்தால்தான் கதை வேறு.

மற்றது 1980. சரக்குகளைப் பரிசோதித்துச் சான்று தரும் கம்பெனி ஒன்றில் டில்லிக் கிளை மேலாளர் முர்காய். விலகிய பின்னும் இரண்டாண்டு போட்டித் தொழில் கூடாது என்பது நிபந்தனை. 1978-இல் கம்பெனியே அவரை நீக்கியது. அவர் அதே தொழிலைத் தனியாகத் தொடங்கினார். வழக்குப் போட்ட கம்பெனி தோற்றது. பலர் கவனிக்காதது ஒன்று உண்டு. பெரும்பான்மை நீதிபதிகள் 27-ஆம் பிரிவுக்குள் போகவே இல்லை. 'விலகினால்' என்ற சொல் நீக்கப்பட்டவரைக் குறிக்காது என்று முடித்துக்கொண்டார்கள். வேலைக்குப் பிந்தைய தடையே செல்லாது என்று எழுதியவர் நீதிபதி ஏ.பி. சென், தனித் தீர்ப்பில்.

கோலிகாரியும் வேலையை விட்டுப் போனவர்தான். ஆனால் அவருடைய ஒப்பந்த காலம் முடிந்திருக்கவில்லை. இன்றைய ஐ.டி. நியமனக் கடிதங்கள் பலவற்றில் ஆண்டுக் கணக்கு கிடையாது, நோட்டீஸ் பீரியட் மட்டுமே. அது முடிந்தவரிடம் கம்பெனி கோலிகாரியைக் காட்டிப் பயனில்லை என்பது என் கருத்து. பகலில் இங்கே, இரவில் போட்டிக் கம்பெனிக்கு என்று உழைப்பவர்மீது மட்டும் அது நேரே பாயும்.

கோலிகாரி பழைய கதை என்று ஒதுக்கவும் முடியாது. சேர்ந்து மூன்றாண்டு முடியும் முன் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற விஜயா வங்கியின் நிபந்தனை செல்லும் என 2025 மே மாதம் சொன்ன உச்ச நீதிமன்றம், அந்தத் தீர்ப்பைத்தான் துணைக்கு அழைத்தது.