மேகங்களின் ஏரி: ரெண்டு சாவும் ஒரு சத்திரமும்

மலையேறுறவங்களுக்கான விடுதின்னா நமக்கு சூடான டீயும் ஜன்னல் வழியா பனிமூட்டமும்தான் ஞாபகம் வரும். நான் சொல்லப்போற விடுதி ரெண்டு பேர் செத்ததால் கட்டப்பட்டது.

இடம், அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம், மவுண்ட் வாஷிங்டன். உயரம் 6288 அடி. நம்ம தொட்டபெட்டாவைவிட ரெண்டாயிரம் அடிக்கும் மேல் குறைச்சல். ப்பூ, இவ்வளவுதானா என்று நினைக்காதீர்கள். 1934 ஏப்ரல் 12 அன்று இந்த உச்சியில் அளந்த காற்றின் வேகம் மணிக்கு 231 மைல். கோடையிலேயே திடீர்னு உறைபனி கொட்டும். உச்சிக்கு ஒன்றரை மைல் முன்னால், மரமே வளராத பொட்டல் பாறையில் ரெண்டு குட்டி ஏரிகள். பெயர், மேகங்களின் ஏரிகள். பெயரில் மட்டும்தான் கவிதை.

1900-ல் அப்பலாச்சியன் மவுண்டன் கிளப் உச்சியில் ஒரு கூட்டம் வைத்தது. 1869-லேயே ரயில் மேலே போயாச்சு. ஆனாலும் ஜூன் 30 அன்று ரெண்டு பேர் நடந்தே கிளம்பினார்கள். ஒருவர் வில்லியம் கர்டிஸ், வயது 63, நியூயார்க் அத்லெடிக் கிளப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். இன்னொருவர் ஆலன் ஆர்ம்ஸ்பி, முப்பதுகூட ஆகாத இளைஞர். ரெண்டு பேருமே நல்ல உடற்கட்டு உள்ளவர்கள். அவர்கள் போன க்ராஃபோர்ட் பாதை 1819-ல் வெட்டப்பட்டது. வழியில் புயல் பிடித்துக்கொண்டது. கர்டிஸ் ஏரிக்குப் பக்கத்திலேயே விழுந்து இறந்தார். ஆர்ம்ஸ்பி தனியாக மேலே ஏறி, உச்சிக்குக் கூப்பிடு தூரத்தில் விழுந்தார். கூப்பிட்டிருந்தாலும் அந்தக் காற்றில் யாருக்குக் கேட்டிருக்கும்?

அடுத்த வருஷமே, 1901-ல், கிளப் அங்கே ஒரு சின்ன மரக்குடிசை போட்டது. ஆபத்துக்கு மட்டும் ஒதுங்கத்தான். ஆனா மனுஷன் சும்மா இருப்பானா? ஓசியில் தங்க இடம் கிடைச்சுதுன்னு ஆளாளுக்கு ராத்திரி டேரா போட ஆரம்பிச்சுட்டாங்க. கடைசியில், வர்றவங்களை விரட்ட முடியாது, ஒழுங்காவே தங்க வைப்போம்னு முடிவாச்சு. 1915-ல் ஏரிக்கரையில் கல் கட்டடம் எழுந்தது. அதுதான் இன்றைய விடுதி. கொஞ்சம் கொஞ்சமா பெரிசாகி, இப்போ 90 பேர் தங்கலாம். கிளப்பின் எட்டு மலை விடுதிகளில் இதுதான் பெரிசு. கோடையில் வேலை பார்க்கும் பசங்க காய்கறி, சாமான்களை மரச்சட்டத்தில் கட்டி முதுகில் சுமந்து வருகிறார்கள். குளிர்காலத்தில் விடுதி மூடியிருக்கும். அடித்தளத்தில் ஒரே ஒரு அறை மட்டும் ஆபத்தில் வருபவர்களுக்காகத் திறந்திருக்கும். அதுக்கு வைத்திருக்கும் செல்லப்பெயர் 'பாதாளச்சிறை'. 1901 குடிசையின் நோக்கம் இன்னும் உயிரோடு இருப்பது அந்த அறையில்தான்.

கதை இதோடு முடியலை. விடுதி வந்ததும் கூட்டம் வந்தது. பக்கத்து மன்ரோ சிகரத்தடியில் ராபின்ஸ் சின்க்ஃபாயில் என்று ஒரு மஞ்சள் பூச்செடி. ரெண்டு விரல் அகலம்கூட இருக்காது. உலகத்திலேயே இந்த மலைத்தொடரில் மட்டும்தான் இயற்கையா வளருது. பழைய பாதை சரியா அதன் நடுவிலேயே போனது. தாவரம் சேகரிப்பவர்கள் பிடுங்கியது கொஞ்சம், பூட்ஸ் கால்கள் மிதித்தது மிச்சம். 1980-ல் அழியும் நிலை உயிரினப் பட்டியலில் சேர்த்தார்கள். 1983-ல் பாதையையே தள்ளிப் போட்டார்கள். நாற்று வளர்த்து நட்டார்கள். 2002-ல் செடி பட்டியலை விட்டு வெளியே வந்தது.

கூரை இருக்குங்கிற தைரியத்தில் மலையை லேசா எடுத்துக்கிட்டு கிளம்புறவங்க இருக்கத்தான் செய்வாங்க. அதுக்காகக் கூரையே வேண்டாம்னு சொல்ல எனக்கு மனசு வரலை. கர்டிஸ் விழுந்த இடத்துக்குப் பக்கத்தில் அன்றைக்கு நாலு சுவர் இருந்திருந்தால், ரெண்டு பேரும் மறுநாள் கூட்டத்தில் புயலைப் பற்றிப் பெருமையா அளந்துவிட்டிருப்பார்கள். நூறு வருஷத்துக்கும் மேல் பழசான பாதையை ஒரு சுண்டுவிரல் செடிக்காக நகர்த்தலாம். செத்தவனை நகர்த்த முடியாதே.