தணிக்கையும் சந்தையும்: கொரிய வெகுசனப் பண்பாட்டின் உலகப் பரவல் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கொரியத் திரைப்படங்களும் தொலைக்காட்சி நாடகங்களும் இசையும் இன்று உலகெங்கும் பரவியுள்ளன. இப்பரவலைத் தென்கொரிய அரசின் தொலைநோக்குத் திட்டத்தின் விளைவாகக் காண்போர் பலர். அரசின் ஆதரவு ஒரு காரணி என்பது மறுக்கத்தக்கதன்று. ஆயின், அவ்வரசே நெடுங்காலம் தன் கலைஞரை அடக்கி வைத்திருந்தது என்னும் உண்மை இவ்விளக்கத்தில் மறைந்துவிடுகின்றது.

1910 முதல் 1945 வரை யப்பானியக் குடியேற்ற ஆட்சிக்குட்பட்டிருந்த கொரியா, 1950–53 போரினாற் சிதைந்தது. அதன்பின், அமெரிக்கப் படைமுகாம்களின் மேடைகளே இசைக்கலைஞர் பலருக்குப் பயிற்சிக்களமாகவும் பிழைப்புக்கு வழியாகவும் அமைந்தன. அம்மேடைகளிற் பாடிய கிம் சகோதரியர் 1959இல் அமெரிக்கா சென்று லாஸ் வேகாஸ் நகரிற் பாடினர். எனவே, கொரிய இசையின் மேனாட்டுக் கலப்பு பிற்காலச் சந்தை உத்தி மாத்திரமன்று. போரும் இராணுவச் சார்புநிலையும் அதன் தோற்றுவாயில் உள்ளன.

1961இல் இராணுவப் புரட்சி மூலம் அதிகாரத்தைக் கைப்பற்றிய பார்க் சுங் ஹீயின் ஆட்சி, கைத்தொழில் வளர்ச்சியையும் கடுந்தணிக்கையையும் ஒருசேர வளர்த்தது. முகாம் மேடைகளில் உருவான கித்தார் கலைஞர் சின் சுங் ஹியோன், ஆட்சியாளரைப் புகழ்ந்து பாடல் இயற்ற 1972இல் மறுத்தார். 1975இற் கஞ்சாக் குற்றச்சாட்டின்பேரிற் கைதானார். அவருடைய பாடல்கள் தடைசெய்யப்பட்டன. கிம் மின் கி இயற்றி 1971இல் வெளிவந்த 'காலைப் பனித்துளி' என்னும் பாடலும் 1975இல் தடைக்குள்ளானது. ஆயினும் மாணவர் அதனைத் தொடர்ந்து பாடினர். 1980 மே மாதத்தில் குவாங்யு நகர மக்கள் எழுச்சி இரத்தத்தில் ஒடுக்கப்பட்டது. சனாதிபதியை மக்கள் நேரடியாகத் தெரிவுசெய்யும் உரிமையை 1987 யூன் எழுச்சி வென்றெடுத்தபோது, அப்பாடல் வீதிகளில் ஒலித்தது. 1996இல் இசைத்தட்டுக்களுக்கான முன்தணிக்கை ஒழிக்கப்பட்டது. அவ்வாண்டே திரைப்பட முன்தணிக்கை அரசியலமைப்புக்கு முரணானதென அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இச்சுதந்திரம் அரசின் கொடையன்று, போராட்டத்தின் பேறு என்பது மனங்கொள்ளத்தக்கது.

இக்காலத்தே அரசின் நோக்கும் மாறியது. 'ஜூராசிக் பார்க்' என்னும் ஒரு திரைப்படத்தின் வருவாய் 15 இலட்சம் கார்களின் ஏற்றுமதிக்கு ஈடானது என 1994இல் சனாதிபதிக்குச் சமர்ப்பிக்கப்பட்ட அறிக்கை கூறியது. பண்பாடு இங்கு ஏற்றுமதிப் பண்டமாகக் கணிக்கப்பட்டது. 1997இன் நிதி நெருக்கடி நாட்டைச் சர்வதேச நாணய நிதியத்திடம் கையேந்த வைத்தது. 1999இற் பண்பாட்டுக் கைத்தொழில் மேம்பாட்டுக்கான சட்டம் இயற்றப்பட்டது. 2002இல் தயாரான 'குளிர்காலக் கீதம்' என்னும் தொலைக்காட்சி நாடகம் மறு ஆண்டில் யப்பானில் ஒளிபரப்பாகிப் பெருவரவேற்புப் பெற்றது. முன்னாள் ஆட்சியாளரின் இல்லங்களுக்குள் கொரிய மொழிக் கதை நுழைந்தமை வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்தது.

தணிக்கை தளர்ந்த இடத்தைச் சந்தை கைப்பற்றியது. 13 ஆண்டு ஒப்பந்தத்தாற் பிணிக்கப்பட்டிருந்த ஒரு புகழ்பெற்ற இசைக்குழுவின் மூவர் 2009இல் நீதிமன்றை நாடினர். கொரியத் திரைப்படங்களுக்குத் திரையரங்குகள் ஆண்டுதோறும் ஒதுக்கவேண்டிய 146 நாட்கள், அமெரிக்காவுடனான வர்த்தகப் பேச்சுக்களையொட்டி 2006இல் 73ஆகக் குறைக்கப்பட்டன. பழைய தணிக்கையும் முற்றாக மடியவில்லை. பார்க் சுங் ஹீயின் மகளான பார்க் குன் ஹேயின் ஆட்சியிற் கலைஞரின் கறுப்புப் பட்டியல் ஒன்று பேணப்பட்டது. அவர் 2017இற் பதவி நீக்கப்பட்டார். அப்பட்டியலில் இடம்பெற்றிருந்த பொங் யூன் ஹோவின் 'பரசைட்' 2020இல் சிறந்த படத்துக்கான ஒஸ்கார் விருதைப் பெற்றது. கடனால் நசிந்தோரின் கதையான 'ஸ்குயிட் கேம்' (2021) உலகை ஈர்த்தது. அதன் உரிமையோ அமெரிக்க நிறுவனமான நெட்பிளிக்ஸ் வசமானது.

ஆகவே, கொரியப் பண்பாட்டின் வெற்றி அரசின் சாதனை மாத்திரமன்று. வர்க்க ஏற்றத்தாழ்வை அஞ்சாது காட்டும் அதன் சிறந்த ஆக்கங்களின் வலிமை, மக்கள் போராடிப் பெற்ற பேச்சுரிமையிலிருந்து பிறந்தது. அவ்வலிமையின் பயன் எவரைச் சேர்கின்றது என்பதே இன்று ஆய்வாளர் முன்னுள்ள வினாவாகும்.