கைமாவுக்கு மாற்று: சோயா, காளான், பருப்பு – எதை எதற்குப் பயன்படுத்தலாம்?

நோன்புக் கஞ்சி, சமோசா, கட்லெட், கோலா உருண்டை என நம் வீட்டுச் சமையலில் கைமாவுக்குத் தனி இடம் உண்டு. ஆனால் எல்லா நேரமும் எல்லோராலும் கைமா சாப்பிட முடிவதில்லை. இரத்தத்தில் கொழுப்பு கூடியவர்களை, ஆட்டிறைச்சியையும் மாட்டிறைச்சியையும் குறைக்கும்படி மருத்துவர் சொல்லியிருப்பார். வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் ஹலால் இறைச்சிக் கடை இருக்காது. இஃப்தாருக்கு நாம் அழைக்கும் அண்டை வீட்டார் சைவமாக இருக்கலாம். இப்படிப்பட்ட நேரங்களில் கைகொடுக்கும் மாற்றுப் பொருட்களைப் பற்றிப் பார்ப்போம்.

கைமா என்ன தருகிறது?

பலர் ஒருமுறை சோயாவில் செய்து பார்த்துவிட்டு, "சக்கை மாதிரி இருக்கு" என்று விட்டுவிடுகிறார்கள். கைமா ஒரு பதார்த்தத்துக்கு மூன்று விஷயங்களைத் தருகிறது: கொழுப்பு, இறைச்சிச் சாறின் சுவை, கடிபடும் தன்மை. மாற்றுப் பொருள் எதுவாக இருந்தாலும் இவற்றில் ஒன்றையோ இரண்டையோதான் தரும். மீதியை நாம்தான் சேர்க்க வேண்டும். இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

1. சோயா குருணை

மீல் மேக்கர் என்று கடைகளில் கேட்டு வாங்கும் சோயா உருண்டையின் பொடி வடிவம் இது. எண்ணெய் எடுத்த சோயா மாவிலிருந்து தயாராகிறது. உலர்ந்த நிலையில் ஏறத்தாழ பாதி எடை புரதம். கொழுப்பு மிகக் குறைவு. கடிபடும் தன்மையில் கைமாவுக்கு மிக நெருக்கமானது இதுதான்.

அரை கிலோ கைமாவுக்குப் பதிலாக 125 கிராம் குருணை போதும். ஊறினால் ஏறக்குறைய மூன்று மடங்காகும். உப்புப் போட்ட கொதிநீரில் 10 நிமிடம் ஊறவைத்து, வடித்து, குளிர்ந்த நீரில் இரண்டு முறை அலசி, ஒட்டப் பிழிய வேண்டும். பச்சை வாடை போவது இந்தப் பிழிதலில்தான். பிறகு இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த் தூள், கொஞ்சம் தயிர் சேர்த்து அரை மணி நேரம் வையுங்கள். தாளிக்கும்போது வழக்கத்தைவிட 2 மேசைக்கரண்டி எண்ணெய் கூடுதலாக ஊற்றி, நிறம் மாறும்வரை வதக்குங்கள். கைமா தன் கொழுப்பிலேயே வதங்கும். குருணைக்கு அந்த வசதி இல்லை. நோன்புக் கஞ்சிக்கும் சமோசாவுக்கும் இது பொருத்தமானது.

2. காளான்

இறைச்சியை ஒத்த சுவை இயற்கையாகவே காளானில் உண்டு. ஆனால் அதில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். பொடியாக நறுக்கி, அகலமான சட்டியில் அதிகத் தீயில் தண்ணீர் முழுவதும் வற்றும்வரை வதக்கிய பிறகே மசாலா சேர்க்க வேண்டும். இல்லையென்றால் சமோசா நமத்துப்போகும். வதக்கினால் அளவு வெகுவாகச் சுருங்கும் என்பதால், சோயா குருணையுடன் பாதிக்குப் பாதி கலந்து செய்வது நல்லது. சுவை காளானிலிருந்தும், கடிபடும் தன்மை சோயாவிலிருந்தும் கிடைக்கும்.

3. பருப்பும் வாழைப்பூவும்

தோல் நீக்காத முழு மைசூர்ப் பருப்பைக் குழையாமல், விரலால் நசுங்கும் பதத்தில் வேகவைத்து, ஒன்றிரண்டாக மசித்தால் கட்லெட்டுக்கு ஏற்ற கலவை கிடைக்கும். ஷாமி கபாபில் ஏற்கனவே கடலைப்பருப்பு சேர்ப்பதால், அதில் இறைச்சியின் இடத்தை இந்தப் பருப்பு எளிதாக நிரப்பும்.

கோலா உருண்டைக்கு வாழைப்பூ நம் ஊரில் பழகிய மாற்று. நரம்பு நீக்கி, நறுக்கி, மோரில் போட்டு எடுத்து, ஆவியில் வேகவைத்துப் பிழிந்த பின் பொட்டுக்கடலை மாவுடன் அரையுங்கள். உருண்டை எண்ணெயில் பிரிந்தால் இன்னும் ஒரு கரண்டி பொட்டுக்கடலை மாவு சேர்த்தால் சரியாகிவிடும்.

கவனிக்க வேண்டியவை

* வைட்டமின் பி12 இறைச்சியில் உண்டு. மேலே சொன்ன மாற்றுகளை அதற்கு நம்ப முடியாது. கைமாவை அடியோடு நிறுத்தியவர்கள் முட்டை, பால், மீன் மூலம் அதைப் பெற வேண்டும்.
* பருப்பிலும் சோயாவிலும் உள்ள இரும்புச் சத்து, இறைச்சியில் உள்ளதைப் போல உடலில் எளிதில் சேராது. உணவோடு எலுமிச்சைச் சாறு சேர்ப்பது உதவும். சாப்பிட்ட உடனே தேநீர் குடிப்பதைத் தவிர்க்கலாம்.
* சிலருக்குச் சோயா ஒவ்வாமை உண்டு. தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள், சோயா உணவுக்கும் மாத்திரைக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சிறுநீரக நோயாளிகளும் புரத அளவைக் கேட்டே சாப்பிட வேண்டும்.
* ஊறவைத்த குருணையை வெளியில் வைத்தால் விரைவில் கெட்டுவிடும். குளிர்பெட்டியில் வைத்து மறுநாளுக்குள் சமைத்துவிடுங்கள்.

சைவம் என்றால் ஹலால்தானா?

வெறும் குருணையில் சிக்கல் இல்லை. மசாலா கலந்து வரும் 'சைவக் கைமா' பாக்கெட்டுகளில்தான் கவனம் தேவை. இந்தியாவில் பச்சைக் குறி, அதில் இறைச்சி, மீன், முட்டை போன்றவை இல்லை என்பதை மட்டுமே சொல்கிறது. சுவையூட்டிகளைக் கரைக்க ஆல்கஹால் பயன்படுத்தினார்களா என்பதை அது சொல்லாது. உட்பொருள் பட்டியலைப் படியுங்கள்; சந்தேகம் இருந்தால் ஹலால் சான்று உள்ளதையே வாங்குங்கள். வெளிநாட்டு உணவகங்களில், சைவ கட்லெட்டையும் ஹராமான இறைச்சியையும் ஒரே எண்ணெயில் பொரிக்கிறார்களா என்று கேட்டு விடுவதும் அவசியம்.

இறுதியாக ஒரு செய்தி. செலவைக் குறைக்கக் கைமாவில் பாதி சோயா கலப்பது வீட்டில் நல்ல வழிதான். ஆனால் விருந்தினருக்கு அதைச் சொல்லிவிடுங்கள். ஒவ்வாமை உள்ளவர்கள் இருக்கலாம். வியாபாரத்தில் சொல்லாமல் கலப்பதோ மோசடி. அதை மார்க்கம் அனுமதிக்கவில்லை. அதேபோல் சைவ விருந்தினருக்குச் செய்யும்போது, இறைச்சி சமைத்த கரண்டியும் எண்ணெயும் அதில் படாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு. நம்மை நம்பி நம் வீட்டில் சாப்பிட உட்காருகிறவருக்கு நாம் செய்யும் மரியாதை அது.