பிரின்சிப்பியாவுக்கு ஒரு பர்னபா



எறிந்த கல் தரையில் விழுவதும், சந்திரன் பூமியைச் சுற்றிவருவதும் ஒரே விதியின்படியே நடக்கின்றன என்று கணிதத்தால் நிறுவிய நூலொன்று 1687ஆம் ஆண்டு ஜூலை மாதம் லண்டனில் வெளிவந்தது. ஐசக் நியூட்டன் லத்தீன் மொழியில் எழுதிய அந்நூலை உலகம் ‘பிரின்சிப்பியா’ என்று சுருக்கமாக அழைக்கிறது. இயக்கத்தின் மூன்று விதிகளும் ஈர்ப்பு விதியும் அதில் அடங்கியுள்ளன. அதை எழுதியவரை யாவரும் அறிவர். எழுதவைத்தவரை அறிந்தோர் சிலரே.

1684ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், எட்மண்ட் ஹாலி என்னும் 27 வயது வானியலாளர் கேம்பிரிட்ஜில் நியூட்டனைச் சந்தித்தார். தூரம் இருமடங்கானால் சூரியனின் ஈர்ப்பு நான்கில் ஒரு பங்காகக் குறையுமெனில், கோள்கள் எந்தப் பாதையில் செல்லும் என்று வினவினார். நீள்வட்டத்தில் என்று நியூட்டன் உடனே விடையளித்தார். அதை முன்னமே கணக்கிட்டிருப்பதாகவும் சொன்னார். ஆனால் அந்தத் தாள் அப்போது கைக்கு அகப்படவில்லை. மறுபடியும் எழுதி அனுப்பும்படி ஹாலி வேண்டிக்கொண்டார். நவம்பரில் சில பக்கங்களாக வந்த அந்தப் பதிலே, ஹாலி அளித்த ஊக்கத்தால், மூன்று பாகங்கள் கொண்ட பெருநூலாக வளர்ந்தது.

அச்சேறும் வேளையில் தடைகள் எழுந்தன. ராயல் சொசைட்டி, மீன்களைப் பற்றிய ஒரு நூலை வெளியிட்டுப் பணமின்றி நின்றது. ஆகவே அச்சுச் செலவை ஹாலியே ஏற்றுக்கொண்டார். அச்சங்கத்தின் எழுத்தராகிய அவருக்குச் சம்பளத்துக்கு ஈடாகக் கிடைத்தவையோ, விற்காமல் கிடந்த மீன் நூலின் பிரதிகள்! இதற்கிடையில் ராபர்ட் ஹூக், ஈர்ப்பு குறையும் விதியைத் தாம் முன்பே தெரிவித்ததாக உரிமை பாராட்டினார். சினங்கொண்ட நியூட்டன், மூன்றாம் பாகத்தை வெளியிடப்போவதில்லை என்றார். சந்திரனின் ஓட்டத்தையும் கடலின் ஏற்றவற்றத்தையும் வால்மீன்களின் பாதையையும் விளக்குவது அந்தப் பாகமே. ஹாலி பொறுமையோடு கடிதம் எழுதி அவரைச் சாந்தப்படுத்தினார்.

பிரியமானவர்களே, எருசலேமிலிருந்த சீஷர்கள் சவுலுக்குப் பயந்திருந்த நாளில், பர்னபாவே அவரை அப்போஸ்தலரிடம் அழைத்துச் சென்றார். பின்பு தர்சுவுக்குப் போய், அவரைத் தேடிக் கண்டுபிடித்து அந்தியோகியாவுக்குக் கூட்டிவந்தவரும் அவரே. பவுலின் நிருபங்களை இன்றும் வாசிக்கிறோம். பர்னபாவின் பெயரால் ஒரு நிருபமும் வேதாகமத்தில் இல்லை. ஆயினும் அவருடைய ஊழியம் வீணாய்ப் போகவில்லை.

ஹாலியின் பிரயாசமும் அப்படியே. நியூட்டனின் முறையைக் கொண்டு அவர், 1682இல் தோன்றிய வால்மீன் 1758 வாக்கில் திரும்பிவரும் என்று கணித்தார். 1742இல் அவர் மரித்தார். அந்த வால்மீன் 1758ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று வானத்தில் காணப்பட்டது.

தாளைத் தொலைத்துவிட்டோ, மனம் கசந்தோ, தனக்கு அருளப்பட்ட தாலந்தை மூடிவைத்திருக்கும் ஒருவர் நம் வீட்டிலோ சபையிலோ இருக்கக்கூடும். மறுபடியும் எழுதும்படி அவரிடம் இந்த வாரம் யார் போய்க் கேட்பது? நம்மையே நாம் ஆராய்ந்து பார்ப்போமாக.