திறப்பு ஆரிட்ட? பகிர்ந்த சேர்வரின் சின்ன வரலாறு

ஆடி அமாவாசைக்கு அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தக்குளத்தில் இறங்க ஆரும் அனுமதி கேக்கிறதில்லை. பல ஊர்ச் சனமும் வந்து ஒரே குளத்தில் தீர்த்தமாடிப் போகும். ஆனால் மூலஸ்தானத்துக்குள்ள குருக்கள்மார் மட்டும்தான் போகலாம். நிர்வாகம் வண்ணக்கர்மாரின் பொறுப்பு. இடம் ஒண்டு, ஆக்கள் பலர், ஆருக்கு எதுவரைக்கும் எண்டது வேற வேற. பல இணையத்தளங்களும் செயலிகளும் ஒரே சேர்வரில் குடியிருக்கேக்க வாற சிக்கலும் இதுதான். அந்தச் சிக்கலுக்கு அறுபது வருசத்துக்கு மேற்பட்ட வரலாறு இருக்கு.

1960களின் தொடக்கத்தில் கணினி எண்டது ஒரு பெரிய அறையையே நிரப்புற, மிக விலையான சாமான். 1961 நவம்பரில் அமெரிக்காவின் எம்ஐடி நிறுவனத்தில் பெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு சிடிஎஸ்எஸ் எண்ட முறையைச் செய்து காட்டியது. ஒரே கணினியில் பலர் ஒரே நேரத்தில் வேலை செய்யலாம். உடனே அடுத்த கேள்வி வந்தது: என்ட ஃபைலை மற்றவர் பாக்கலாமா? அதுக்காகத்தான் ஆளுக்கொரு பாஸ்வேர்ட் குடுத்தார்கள். நாங்கள் இண்டைக்கு நாளுக்குப் பத்துத் தரம் தட்டுற பாஸ்வேர்ட் கணினிக்குள்ள வந்த கதை இது.

பூட்டுப் போட்டதும் அது உடைஞ்சது. 1962இல் அலன் ஷெர் எண்ட ஆய்வு மாணவருக்குக் குடுத்த கணினி நேரம் காணவில்லை. துளை அட்டையில் ஃபைலின் பெயரைக் குடுத்தால் அதை அச்சடிச்சுத் தரும் ஒரு வசதி இருந்தது. அவர் பாஸ்வேர்ட் ஃபைலின் பெயரையே குடுத்தார். அச்சாகி வந்தது! முன்வாசலில் பூட்டு, அச்சடிக்கிற வேலைக்கோ எல்லா அறைக்கும் போற உரிமை.

1966இல் இன்னொண்டு நடந்தது. அந்தக் கணினிக்குள்ள நுழைஞ்ச எல்லாருக்கும், வழமையான வரவேற்புச் செய்திக்குப் பதிலாக முழுப் பாஸ்வேர்ட் பட்டியலும் வந்தது. ஆரும் திருடவில்லை. நிர்வாகிகள் இரண்டு பேர் ஒரே கணக்கால் ஒரே நேரத்தில் இரண்டு ஃபைல்களைத் திருத்தியிருக்கிறார்கள். திருத்துற மென்பொருள் தன்ட தற்காலிக ஃபைலுக்கு எப்பவும் ஒரே பெயரைத்தான் வைக்கும். இரண்டும் மாறுப்பட்டுப் போச்சு. "இந்தக் கணக்கில் ஒரு நேரத்தில் ஒரு ஆள்தான் இருப்பார்" எண்ட எண்ணத்தில் செய்த மென்பொருள் அது. பகிர்ந்த இடத்தில் அந்த எண்ணம்தான் ஆபத்து.

1969இல் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் தொடங்கின யுனிக்ஸ், உரிமைகளைச் சின்னக் கணக்காக்கியது. வாசிக்க 4, எழுத 2, இயக்க 1. பிறகு மூண்டு தரப்பு வந்தது: சொந்தக்காரர், குழு, மற்ற எல்லாரும். 644 எண்டால் சொந்தக்காரர் எழுதலாம், மற்றவர்கள் வாசிக்கலாம். 777 எண்டால் எல்லாரும் எல்லாம் செய்யலாம், அதாவது மூலஸ்தானத்துக்கும் கதவில்லை. இதுக்கெல்லாம் மேல 'ரூட்' எண்டு ஒரு கணக்கு இருக்கு. அதுக்கு எந்தக் கதவும் கதவில்லை.

1975இல் ஜெரோம் சோல்ட்சரும் மைக்கேல் ஷ்ரோடரும் தங்கட கட்டுரையொண்டில் இதுக்கொரு கொள்கை எழுதினார்கள்: ஒவ்வொரு ஆளுக்கும் ஒவ்வொரு நிரலுக்கும் அந்த வேலைக்குத் தேவையான ஆகக் குறைஞ்ச உரிமை மட்டும் குடுங்க. கோயில் வாசலில் பிறப்பைப் பார்த்து உரிமை பிரிச்ச கதை எங்களிட்ட இருக்கு. 1968 மாவிட்டபுரம் போராட்டம் அதுக்குச் சாட்சி. இங்க சொல்லுற பிரிப்பு அதில்லை. இது ஆளின்ட தரத்தைப் பாக்கிறதில்லை, செய்யுற வேலையைத்தான் பாக்குது. வேலை முடிஞ்சால் உரிமையும் முடியவேணும்.

1990களில் வலைத்தளங்கள் வந்தபிறகு, காசு மிச்சம்பிடிக்க நூற்றுக்கணக்கான தளங்களை ஒரே சேர்வரில் வைச்சார்கள். அப்ப பழைய பிழை புது உடுப்பில் வந்தது. எல்லாத் தளத்தின் நிரல்களும் வலைச்சேர்வரின் ஒரே கணக்கில் ஓடினால், ஒரு தளத்துக்குள்ள புகுந்தவர் பக்கத்து வீட்டு ஃபைலையும் வாசிக்கலாம். 1997இல் அப்பாச்சி வலைச்சேர்வரோட வந்த சூஎக்ஸெக் எண்ட வசதி, நிரல்களை அந்தந்தச் சொந்தக்காரரின் பெயரிலேயே ஓடவிட்டது. செயலிகளுக்குள்ளும் படிகள் வந்தன. வேர்ட்பிரஸ்ஸில் நிர்வாகி, தொகுப்பாளர், எழுத்தாளர் எண்டு தனித்தனி உரிமை. தமிழ் விக்கிப்பீடியாவில் ஆரும் திருத்தலாம். பக்கத்தை நீக்க நிருவாகி வேணும். ஒவ்வொரு திருத்தமும் வரலாற்றில் பதிவாகும். ஆனால் செயலிக்குள்ள எவ்வளவு ஒழுங்காகப் பிரிச்சாலும் கீழ இருக்கிற சேர்வரின் திறப்பு ஒருத்தரிட்ட மட்டும் இருந்தால், மேல போட்ட பூட்டெல்லாம் அவர்ட கையிலதான்.

இதெல்லாம் வெளிநாட்டுக் கதை இல்லை. 2023 ஆகஸ்ட் கடைசியில் இலங்கை அரச நிறுவனங்கள் பகிர்ந்து பாவிச்ச 'லங்கா கவர்ன்மென்ட் கிளவுட்' மீது ரான்சம்வேர் தாக்குதல் நடந்தது. கிட்டத்தட்ட 5000 மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் போனது போனதுதான். அமைச்சரவை அலுவலகமும் இதில் அடக்கம். ஓடினது 2013ஆம் ஆண்டுப் பதிப்பு மென்பொருள். அதுக்கான மைக்ரோசொஃப்டின் ஆதரவு அந்த வருசம் ஏப்ரலிலேயே முடிஞ்சிருந்தது. பெரிய அடி வேற இடத்தில்: பின்சேமிப்பும் சேர்ந்தே பூட்டுப்பட்டது. ஒரே கை எட்டுற இடத்தில் இருக்கிற இரண்டாவது பிரதி, பிரதியே இல்லை.

ஒரே பிரதி அழிஞ்சால் என்ன ஆகும் எண்டு எங்கட சமூகத்துக்கு ஆரும் சொல்லித்தரத் தேவையில்லை. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிஞ்சபோது வேற எங்கயும் இல்லாத ஏடுகளும் சேர்ந்து எரிஞ்சது. இப்ப எங்கட ஊர்களின் திருவிழாப் படங்கள், பாடசாலை மலர்கள், கூத்துப் பதிவுகள், இறந்தவர்களின் நினைவுகள் எல்லாம் ஏதோ ஒரு மலிவான பகிர்ந்த சேர்வரில்தான் கிடக்கு. அதை அழிக்க நெருப்பு வேண்டியதில்லை. தளத்தை உருவாக்கின பொடியன் வெளிநாடு போய், அவனுடைய மின்னஞ்சலுக்கு வாற கட்டண நினைவூட்டலை ஆரும் பாக்காமல் விட்டாலே போதும்.

ஆகவே கழகமோ, சங்கமோ, வாசிப்பு வட்டமோ, தளம் வைச்சிருக்கிற எல்லாரும் ஒருநாள் சேர்ந்திருந்து பாருங்க. சேர்வரின் திறப்பு குறைஞ்சது இரண்டு பேரிட்ட இருக்கா? ஒரே பாஸ்வேர்டைப் பத்துப் பேர் பாவிக்காமல், ஆளுக்கொரு கணக்கு இருக்கா? விலகினவரின் உரிமை எடுபட்டிட்டுதா? தளத்தின் பெயர் தனியாளின்ட பேரிலா, சங்கத்தின்ட பேரிலா பதிஞ்சிருக்கு? சேர்வரின் கை எட்டாத இடத்தில் ஒரு பிரதி இருக்கா? இந்த ஐந்து கேள்விக்கும் விடை எழுதிவைக்க ஒரு பின்னேரம் காணும்.